எங்கள் ஓர்கனில் கைவைத்த எல்லோருக்கும்

எங்கள் பங்கு மக்களுக்கும், ஆலய வளவில் நடக்கும் இசை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்து கைகொடுத்தவர்களுக்கும் அன்பு வணக்கம்.

குழாய் ஓர்கன் இப்போது பாடகர் மாடத்தில் நிற்கிறது. ஞாயிறு பூசைக்கு வாசிக்கிறோம், வார நாட்களில் பிள்ளைகள் பழகுகிறார்கள். முன்னால் மினுங்கும் குழாய்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். ஜேர்மனியில் பல காலம் இந்தத் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான், வரைபடம் என்னுடையதுதான். ஆனால் ஓர்கனின் பெரும்பகுதி பெட்டிக்குள்ளே இருக்கிறது. அதைச் செய்தவர்களை ஊர் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலையும் ஊரையும் மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி, மரம் தந்த கோண்டாவில் குடும்பத்துக்கு. குழாய்ப் பலகை நன்றாக முற்றிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும் பலகையில் குழாய் செய்தால் மூட்டு விட்டுப்போகும், காற்றுக் கசியும், குரல் கெட்டுவிடும். மரக்காலையில் வாங்கும் புதுப் பலகையை நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டார் இடிக்கவிருந்த பழைய வீட்டின் பலாக் கதவுகளையும் தட்டுப் பலகைகளையும் "கொண்டு போங்கோ தம்பி, கோயிலுக்குத்தானே" என்று ஒரு சதமும் வாங்காமல் தந்தார்கள். மூடிய மரக் குழாய்கள் அத்தனையும் அந்தக் கதவுகள்தான். குழாயின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே தாழ்ந்த சுரம் கிடைக்கும். 8 அடிக் குழாய் தரும் சுரத்தை 4 அடிக் குழாயில் எடுக்கலாம். எங்கள் மாடத்தின் கூரை உயரத்துக்கு அதுதான் சரி.

காற்றுப்பெட்டியைச் செய்தவர் வல்வெட்டித்துறை ஓடாவியார். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. கப்பலும் வள்ளமும் கட்டிய கைகள் அந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே வராமல் மூட்டுப் போடத் தெரிந்தவருக்குக் காற்று வெளியே போகாமல் மூட்டுப் போட நான் என்ன சொல்லிக்கொடுப்பது? காற்றுப்பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தோல் ஒட்டிய ஒரு சிறு கதவு இருக்கிறது. கட்டையை அழுத்தினால் மெல்லிய சட்டம் ஒன்று அதை இழுத்துத் திறக்கும், காற்றுக் குழாய்க்குப் போகும். எந்த வரிசைக் குழாய்கள் பேச வேண்டும் என்பதை நீளமான ஓட்டுச் சட்டங்கள் தீர்மானிக்கின்றன. அவை வழுக்கி ஓடவும் வேண்டும், கசியவும் கூடாது. அதற்காக அவர் சீவுளியோடு இருந்த பொறுமையை நான் மறக்கமாட்டேன்.

துருத்திக்குத் தோல் தந்தவர் மிருதங்கம் கட்டும் ஐயா. ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்தே எங்கே மெலிவு, எங்கே வலு என்று பிரித்துவிட்டார். மடிப்பு வரும் இடத்துக்கு எதைப் போடுவது என்று அவர் சொன்னபடியே போட்டோம். காற்றழுத்தம் அளக்கக் கருவி இல்லாமல் நின்றபோது மேசன் அண்ணை ஒருவர் தன்னுடைய மட்டம் பார்க்கும் குழாயைக் கழற்றித் தந்தார். அதை வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசம்தான் அழுத்தம். எங்கள் ஓர்கன் 65 மில்லிமீற்றரில் பேசுகிறது.

பௌதிகவியல் ரீச்சருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜேர்மன் கணக்கின்படி 20 பாகை வெப்பத்துக்கு வெட்டிய குழாயை இங்கே 30 பாகையில் ஊதினால், ஒலி வேகமாகப் போவதால், சுரம் கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். விநாடிக்கு 440 அதிர்வாக இருக்க வேண்டியது 447ஐத் தாண்டும். ஓர்கன் தனியாக வாசித்தால் தெரியாது, பக்கத்தில் கீபோர்ட் வைத்தால் காது கூசும். ரீச்சரும் உயர்தர மாணவர்களும் மாடத்தில் வெப்பமானி தொங்கவிட்டு, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் திருத்திக் கணக்குப் போட்டுத் தந்தார்கள். உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்கள் வெப்பத்துக்கு இப்படி ஏறி இறங்காது, மற்றவற்றோடு சேராமல் நிற்கும். அதனால் அவற்றை வேண்டாம் என்று விட்டதும் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான்.

நாலடி வரிசை, அதாவது மிகப் பெரிய குழாய் நாலடி நீளமுள்ள வரிசை, முழுவதும் மூங்கில். பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் தியேகோ செரா என்ற குருவானவர் 1824இல் கட்டி முடித்த ஓர்கனில் 1031 குழாய்கள், அவற்றில் 902 மூங்கில். 1970களில் அதை ஜேர்மனியின் பொன் (Bonn) நகருக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள், இன்றும் வாசிக்கப்படுகிறது. எங்களைப் போன்ற வெக்கை நாட்டில் மூங்கில் நிலைக்கும் என்ற தைரியம் அங்கிருந்துதான் வந்தது. கண்டிப் பக்கமிருந்து மூங்கிலை லொறியில் ஏற்றி வந்த தம்பி கூலி வாங்கவில்லை. வண்டு அரிக்காமலிருக்க மூங்கிலிலுள்ள மாச்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் போக்க வேண்டும். குருநகர் சம்மாட்டியார் ஒருவர் தன் வள்ளங்களைக் கட்டி நிறுத்தும் இடத்திலேயே களப்புத் தண்ணீரில் அதைத் தாழ்த்திக் காவலும் பார்த்தார்.

அப்புறம் குரல் கொடுக்கும் வேலை. குழாயின் வாயை எவ்வளவு உயரமாக வெட்டுவது, காற்றுப் பிளவை எவ்வளவு ஒடுக்குவது என்பதில்தான் குழாய் பாடுகிறதா இரைகிறதா என்பது இருக்கிறது. இணுவில் புல்லாங்குழல் ஆசிரியர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு மூங்கிலையும் கேட்டார். புல்லாங்குழலிலும் காற்று உதட்டோரத்தில் பட்டுப் பிரிந்துதான் நாதம் வருகிறது, ஆகவே அவர் காதுக்கு இது பழகிய விஷயம். சுரம் பிறப்பதற்கு முன் வரும் சிறு மூச்சொலியை அடியோடு எடுத்துவிட நான் இருந்தேன், "அதைக் கொஞ்சம் விடுங்கோ, அதுதானே உயிர்" என்றார். விட்டேன். பிள்ளைகள் அந்த மூச்சைக் கேட்டுத்தான் எங்கே மூச்செடுத்துப் பாடுவது என்று பழகுகிறார்கள். கீபோர்ட் போதாதா என்று கேட்டவர்களுக்கு என் பதில் அதுதான்.

முன்வரிசை ஈயக் கலவைக் குழாய்களை அனுப்பிய என் பழைய பட்டறையாருக்கும், காசு சேர்த்துத் தந்த புலம்பெயர் உறவுகளுக்கும், தேத்தண்ணியும் சாப்பாடும் தந்த அன்னையர் சங்கத்துக்கும், கரண்ட் நின்ற நேரமெல்லாம் துருத்தி மிதித்த இளைஞர்களுக்கும், மாடத்தைத் துணிந்து எங்களிடம் விட்ட சுவாமிக்கும் நன்றி. சுருதி கூட்டும்போது நான் உள்ளே குழாயோடு நிற்க, வெளியே அலுக்காமல் கட்டையை அழுத்திப் பிடித்திருந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் நன்றி மகள். மாரி முடிந்து தையில் மறுபடி சுருதி கூட்ட வேண்டும், அப்போதும் நீதான் வர வேண்டும்.

பெட்டியின் பின்பக்கத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறோம். வியாழன் பின்னேரங்களில் வகுப்பு நடக்கும்போது வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் செய்த பகுதி எது என்று பிள்ளைகளே காட்டி, வாசித்தும் காட்டுவார்கள்.

மிக்க நன்றியுடன்,
ஓர்கன் வேலைக் குழுவுக்காக