அல்லிராணி வீட்டின் உறுதி

முருங்கன்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். வாப்பாவும் உம்மாவும் சுகம்தானே? பெருநாளுக்கு ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லாதவன் என்று திட்டியிருப்பாய். மிச்சத்தை நேரில் வந்து திட்டு. வந்தே ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

போன கிழமை மன்னார்க் கரையில் அரிப்பு ஊருக்குப் போயிருந்தேன். நம் அல்லிராணிக் கோட்டை இனி அதிக காலம் தாங்காது. கடற்பக்கச் சுவர்கள் துண்டுதுண்டாக மணலில் கிடக்கின்றன. மிஞ்சியது மண்மேட்டின் விளிம்பில் நிற்கிறது; அந்த மேட்டையே அலை அடியில் அரித்துக்கொண்டிருக்கிறது.

கதையில் வரும் அல்லிராணி அங்கே ஒரு நாளும் படுத்தெழும்பவில்லை என்றால் நீ சண்டைக்கு வருவாய். கட்டியவர் முதல் ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த். 1801இல் தொடங்கி 1804இல் முடித்தார். தகப்பன் அமெரிக்காவைக் கைநழுவவிட்ட பிரதமர். மகனுக்கோ கிரேக்கப் பைத்தியம். பின்னாளில், 1824இல், கோர்பு தீவில் பல்கலைக்கழகமே தொடங்கினாராம். அந்தப் பைத்தியம்தான் முசலிப் பற்றைக்காட்டுக்குள் டோரிக் என்னும் பழைய கிரேக்கப் பாணித் தூண்களைக் கொண்டுவந்து நட்டது. செங்கல்லுக்கு மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து. இலங்கையிலேயே அழகான கட்டடம் இதுதான் என்று கோர்டினர் பாதிரியார் 1807இல் எழுதிவைத்தார். அழகு இருக்கட்டும், முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டான முத்துப்பாருக்குப் போய்வரும் தோணிகளைக் கண்காணிக்கக் கட்டிய வீடு அது!

1805இல் நோர்த் கப்பலேறிவிட்டார். பிறகு முத்துக்குளிப்பு மேற்பார்க்க வந்த துரைமார் தங்கினார்கள். 1906இல் முத்துப்பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். கம்பனியும் நொடித்தது, முத்தும் போயிற்று.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். மூச்சடக்கி அடிக்கடலுக்குப் போனவர்களுக்குப் பின்னாளில் கிடைத்தது சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்று பார்த்தவருக்குத் தூண் வைத்த மாளிகை. குளியாள்களின் ஓலைக்கொட்டில் நின்ற இடம் யாருக்குத் தெரியும்? குதிரைமலையிலிருந்து ஆண்டவள் என்று கதையில் வரும் அல்லியின் பெயருக்கு ஊரார் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது பொய்தான், மச்சான். ஆனால் நோர்த்தின் பெயரில் இருப்பதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

திரும்பும் வழியில் சிலாவத்துறையில் உங்கள் வளவுக்கும் போனேன். 1990 ஒக்டோபரில் புலிகள் உங்களையெல்லாம் வெளியேற்றிய பிறகு மூடிய பற்றை கிணற்றடியை இன்னும் விடவில்லை. அதைக் கடிதத்தில் எழுத எனக்கு வராது.

வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்குத் தோணியில் போன தன் பாட்டனாரைப் பற்றி அவர் சொல்வாரே: சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய கடற்கட்டி, அழுகும் சிப்பியின் நாற்றம், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் நான் எழுதிக்கொள்ளவேண்டும். நோர்த்தைப் பற்றி எழுத வெள்ளைக்காரர் போதும்.

மாரி மழைக்கு முன்னரே வந்துவிடுங்கள். மதவாச்சி சுற்றி வருவது வாப்பாவுக்குக் கஷ்டம்; இரவு என் வீட்டில் தங்கி விடியப் போகலாம். உம்மாவின் வட்டிலப்பம் இல்லாமல் வந்தால் மட்டும் படலை திறக்கப்படாது.

அன்புடன்,
உன் மச்சான்