பரணில் இருந்து இறக்கிய எக்ஸ்-மென்

அன்புள்ள பாப்பா,

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று பரணைக் காலி செய்தபோது உன் எக்ஸ்-மென் காமிக்ஸ் பெட்டி கீழே வந்தது. போனில் கேட்டதற்கு, "எடைக்குப் போட்டுருங்கப்பா" என்றாய். போடவில்லை. ஒன்றரை மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் இங்கிலீஷுக்கு மெதுவாகத்தான் போகிறது. "இன்னைக்கு எந்த வருஷத்துல இருக்கீங்க?" என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் இதில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஜீன் செத்துட்டாப்பா" என்றாய். பொம்மைக் கதைக்கெல்லாமா அழுவார்கள், எழுந்து போய்ப் பாடத்தைப் படி என்று சத்தம் போட்டேன். போன வாரம் அந்தப் பக்கத்துக்கு நானும் வந்து சேர்ந்துவிட்டேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் சொல்ல வரவில்லை.

முதலிலிருந்து வருகிறேன். 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்தபோது பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ள ஐந்தே ஐந்து மாணவர்கள், ஒரு சேவியர் வாத்தியார், எதிரே மேக்னீட்டோ. விலை 12 சென்ட். இரண்டு மாதத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் அப்போது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, அதன் உருவகம்தான் இந்தக் கதை என்று பலர் சொல்கிறார்கள். முதல் இதழ்களில் எனக்கு அது அவ்வளவாகத் தட்டுப்படவில்லை. எத்தனை பேருக்குத்தான் சக்தி வந்த கதையைப் புதிது புதிதாகச் சொல்வது, பிறக்கும்போதே இருந்தது என்று வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்பதால்தான் மியூட்டன்ட் என்ற யோசனையே வந்தது என்று ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார். 1965-ல் சென்டினல் என்ற ராட்சத இயந்திரங்கள் இவர்களை வேட்டையாட வந்த பிறகுதான், பிறப்பால் வேறுபட்டவர்களைக் கண்டு ஊர் பயப்படுகிறது என்ற விஷயம் கதைக்குள் ஊன்றுகிறது. அதை முழுதாக வளர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அப்புறம் விற்பனை படுத்துவிட்டது. 1970-ல் 66-வது இதழோடு புதுக் கதை நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை என் மாதிரி அச்சகத்தில் காலம் தள்ளியவன் ரசிப்பதுபோல மற்றவர்கள் ரசிப்பார்களா தெரியாது. இதழை மூடவில்லை. 67-லிருந்து 93 வரை பழைய கதைகளையே திரும்ப அச்சடித்தார்கள். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் புதிதாகக் கூலி இல்லை, காகிதமும் மையும்தான் செலவு. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஐந்து வருஷம் அந்தப் பெயர் அப்படித்தான் கடையில் உயிரோடு இருந்தது. இன்று சினிமா, டிவி என்று இவ்வளவு பெரிதாக நிற்கிற ஒன்று, அந்த 27 மறுபதிப்புகளின் மேல் நடந்து வந்திருக்கிறது.

1975-ல் லென் வீன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த சிறப்பிதழ் வந்தது. அட்டையைப் பார்த்திருப்பாய். பழைய குழுவின் படத்தைக் கிழித்துக்கொண்டு புதியவர்கள் பாய்ந்து வருகிறார்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியில் ஊரே தீப்பந்தத்தோடு துரத்துகிற நைட்கிராலர், சோவியத் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் பக்கம் நின்ற கொலாசஸ், கனடாவின் வுல்வரின், அயர்லாந்துக்காரர், ஜப்பான்காரர், அபாச்சி இனத்து இளைஞன் ஒருவன். வெளிநாட்டிலும் விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்குதான் இந்த யோசனைக்கு விதை. ஆனால் கணக்குக்காகக் கூப்பிட்டு வந்தவர்கள் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். க்ரகோவா என்ற உயிருள்ள தீவிலிருந்து பழைய மாணவர்களை மீட்பதுதான் அவர்களின் முதல் வேலை. அந்தத் தீவின் பெயரை மறந்துவிடாதே, திரும்ப வருகிறேன்.

அடுத்த இதழிலிருந்து எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட். நின்றுபோய் மீண்ட இதழ் என்பதால் பெரிதாக யாரும் எதிர்பார்க்காத வேலை. அவர் 1991 வரை இருந்தார். பதினாறு வருஷம்! ஒரே ஆள், ஒரே குடும்பத்தை, இதழுக்கு இதழ். வரைபவர்கள் மாறினார்கள். காக்ரம், ஜான் பைர்ன், திரும்பக் காக்ரம், அப்புறம் வேறு பலர். பைர்னின் பென்சிலுக்கு மேல் டெர்ரி ஆஸ்டின் மை போட்ட பக்கங்களைப் பார். உன்னிடம் இருப்பது கறுப்பு வெள்ளைத் தொகுப்பு, வண்ணம் இல்லாததால் கோடு அப்படியே தெரிகிறது. ஓர் இயந்திரத்தின் திருகாணி வரை விட்டுவைக்கவில்லை அந்த மனிதர். அதேபோல எழுத்து வரைந்த டாம் ஓர்ஸெகோவ்ஸ்கி. கிளேர்மாண்ட் நிறையப் பேச்சு எழுதுகிறவர், பலூன் பிதுங்குகிறது. அத்தனையையும் ஓர் ஒழுங்கில் கையால் எழுதிப் பல வருஷம் கூடவே வந்திருக்கிறார். மெய்ப்புப் பார்த்துக் கண் தேய்ந்தவனுக்கு அந்தக் கையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஒருவரே நீண்ட நாள் இருந்ததால்தான் மேக்னீட்டோ மனிதனானார். 1963-ல் உலகை ஆள்வேன் என்று கத்துகிற வில்லன், அவ்வளவுதான். 1981-ல், 150-வது இதழில், தன் எதிரே வந்த கிட்டி ப்ரைட் என்ற யூதச் சிறுமியை அடித்து வீழ்த்திவிட்டு, செத்துவிட்டாளோ என்று பதறி நிற்கிறார். அப்போதுதான் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவர் என்பது தெரிகிறது. 200-வது இதழில் பாரிஸில் விசாரணைக்கு நிற்கிறார், சேவியரின் பள்ளியையே பொறுப்பேற்கிறார். ஒரு வில்லனை அவசரப்படாமல் இப்படி அழைத்து வந்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரி, ஜீன். முதல் ஐந்து மாணவர்களில் ஒருத்தி. அவள் ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள், அதைச் சுற்றிய கோளில் 500 கோடி உயிர்கள் போகின்றன. கிளேர்மாண்டும் பைர்னும் முதலில் முடித்து வைத்திருந்தது வேறு மாதிரி. அவள் சக்தியைப் பறித்துவிட்டு உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் திட்டம். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேரைக் கொன்றவள் எதுவும் நடக்காததுபோல வீடு திரும்ப முடியாது என்றார். வரைந்து முடித்த பக்கங்களை மாற்றினார்கள். 1980 செப்டம்பர் தேதியிட்ட 137-வது இதழில், நிலாவில், அவள் காதலன் ஸ்காட்டின் கண்ணெதிரே அவள் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறாள். கடைசி நேரத்தில் மாற்றிய முடிவு என்று சொன்னால் நம்ப முடிகிறதா? அவளுக்கு வேறு வழி இருந்ததாகவே தோன்றவில்லை எனக்கு. படித்து முடித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு உன்னை அதட்டியது தப்பு, பாப்பா. நீ அழுதது சரியான இடத்தில்தான்.

அதனால்தான் 1986-ஐ என்னால் மன்னிக்க முடியவில்லை. பழைய ஐந்து பேரையும் சேர்த்து எக்ஸ்-ஃபாக்டர் என்று புது இதழ் போட வேண்டும், அதற்கு ஜீன் வேண்டும். செத்தது ஜீனே இல்லை, அவள் உருவம் எடுத்த வேறொரு சக்தி, உண்மையான ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவுக்கு அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். கர்ட் பியூசிக் வாசகராக இருந்தபோது யோசித்து வைத்த வழியாம் அது. கெட்டிக்கார யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் ஸ்காட்டுக்கு மேடலின் பிரையரோடு கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையும் இருந்தது. அந்த மனுஷனுக்கு ஓய்வு கொடுத்துக் குடும்பம் நடத்த அனுப்பி வைத்திருந்தார் கிளேர்மாண்ட். ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு போன் வந்ததும் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறான்! அதைச் சரிக்கட்ட, சில வருஷம் கழித்து மேடலின் வெறும் நகல்தான், ஜீனைப் பார்த்துச் செய்த உருவம் என்றார்கள். பிறகு அவளைப் பேயாக்கிக் கொன்றார்கள். குழந்தையை எதிர்காலத்துக்கு அனுப்பினார்கள், அவன் கிழவனாகத் துப்பாக்கியோடு திரும்பி வருகிறான். எனக்கு இதெல்லாம் ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்தை மறைக்க மேலே மேலே ஒட்டிய காகிதமாகத்தான் தெரிகிறது. அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள்? இன்னொருத்தியின் சாயலில் இருந்தாள், அவ்வளவுதானே.

1991-ல் ஜிம் லீ வரைந்த புது முதல் இதழ். உள்ளே ஒரே கதை, அட்டை ஐந்து வகை. 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, உலக சாதனை. ஆனால் அது கடைகள் வாங்கிய கணக்கு. அந்தக் கடைகள் விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாத ஏற்பாட்டில் வாங்கியவை. அந்த இதழ் இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் காரணம் அதுதான். வரைபவரின் பேச்சுக்கே மதிப்பு என்றாகிவிட்ட அந்த நேரத்தில், மூன்றே இதழ் எழுதிவிட்டுக் கிளேர்மாண்ட் வெளியேறினார். பதினாறு வருஷம் தூக்கி வளர்த்தவர். அடுத்த வருஷமே ஜிம் லீயும் வேறு சிலரும் சொந்தக் கம்பெனி தொடங்கப் போய்விட்டார்கள். 1996 கடைசியில் இதையெல்லாம் வெளியிடுகிற மார்வெல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 90-களின் பாதியை நான் வேகமாகத்தான் புரட்டினேன். எல்லோருக்கும் ஏகப்பட்ட பை, பெல்ட்டு. யார் யாரென்றே பிடிபடவில்லை.

உன் பெட்டி 2005-ல் நிற்கிறது. ஒரு பெண் மனம் உடைந்து "இனி மியூட்டன்ட் வேண்டாம்" என்று மூன்று வார்த்தை சொல்கிறாள். லட்சக்கணக்கில் இருந்தவர்கள் இருநூறு பேருக்குள் சுருங்கிப் போகிறார்கள். அதற்கப்புறம் உள்ளதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2019-ல் ஜானதன் ஹிக்மன் என்ற எழுத்தாளர் வந்து, முன்பு ஆளை விழுங்கிய அந்த க்ரகோவா தீவையே மியூட்டன்ட்களின் நாடாக்கினாராம். சேவியரும் மேக்னீட்டோவும் ஒரே பக்கம். செத்தவர்களைத் திரும்ப எழுப்புகிற சடங்கு ஒன்றையும் வைத்து, சாவது மீள்வது எல்லாவற்றையும் அந்த நாட்டின் வழக்கமாகவே ஆக்கிவிட்டாராம். 2024-ல் அந்தக் கட்டமும் முடிந்துவிட்டதாம். 1975-ல் பயந்து ஓடிய இடத்தில் போய் வீடு கட்டிக்கொண்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. செத்தவர்கள் எழுகிறார்களே, மேடலினும் அந்த வரிசையில் வந்தாளா? வந்தாளென்றால் அவளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? இதை மட்டும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள மனசில்லை, நானே படிக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது அந்த க்ரகோவாப் புத்தகங்களை வாங்கி வா. காசு நான் தருகிறேன். பெட்டியில் கரையான் இல்லை, ஆனால் இரண்டு தொகுப்பில் முதுகு விட்டுப்போயிருந்தது. பசை போட்டு, கனத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். 137-வது இதழ் உள்ள தொகுப்பில் ஓர் ஓரத்தில் தண்ணீர் பட்டு ஊறிய தடம் இருக்கிறது. அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

அன்புடன்,
அப்பா