வலியை மறைக்கிற பிள்ளைகள்: சென்னையில் கால்பந்துப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் சிறுவர், சிறுமியர் கால்பந்துப் போட்டிகளை நடத்தும் சங்க நிர்வாகிகளுக்கும், கிளப் பொறுப்பாளர்களுக்கும், ஏரியா போட்டி அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். கோடை விடுமுறைப் போட்டிகளுக்கு அட்டவணை போடும்போது சில விதிகளையும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் வலியைச் சொல்வதில்லை. சொன்னால் வெளியே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் செலக்‌ஷனுக்கு வந்தவர் கண்ணில் பட முடியாது, சான்றிதழும் போய்விடும். கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா, அரசு வேலையில் 3 சதவீதம் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. வியாசர்பாடி நந்தகுமார் சேகர் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆடி இந்திய ஜெர்சியும் போட்டதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். ஆனால் அந்தக் கணக்கின் பாரம் பதினான்கு வயது முட்டியில் இறங்குகிறது.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஓர் அரையிறுதியின் இடைவேளையில் எங்கள் டிஃபென்ஸில் ஆடும் பெண் சாக்ஸை இறக்கவே இல்லை. நானே உட்கார்ந்து இறக்கிப் பார்த்தால், வலது முட்டி வீங்கி, சிரட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. “ஒண்ணும் இல்ல கோச், ஸ்ப்ரே மட்டும் அடிங்க” என்றாள். வெளியே உட்காரவைத்தபோது அவள் அழுதது ஆட்டத்துக்காக இல்லை. “வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க” என்பதற்காக. சொன்னால் அம்மா ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார், அதோடு சரி.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 நவம்பரில், முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போன வியாசர்பாடி மாணவி ஒருவர் காலை இழந்தார், பிறகு உயிரையும் இழந்தார். மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அரசே சொன்னது. அது மைதானத்தில் நடந்த தவறு இல்லைதான். ஆனாலும் அந்தப் பயம் எங்கள் பக்கத்து வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. முட்டி வீங்கினால் ஸ்கேன் எடுக்கப் போவதில்லை, நேராகப் புத்தூர் கட்டுதான். கிழிந்த ஜவ்வு வெறும் கட்டில் சேர்ந்துவிடும் என்று நம்ப முடியாது என்று அவர்களுக்கு யார் உட்கார்ந்து சொல்வது?

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ‘நான் ஆடவில்லை’ என்று சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். அதை விதியில் வையுங்கள்.

முதலில் தலைக்காயம். இரண்டு தலைகள் மோதினால் தண்ணீர் தெளித்து, “விரல் எத்தனை?” என்று கேட்டு, மறுபடி இறக்கிவிடுகிறோம். மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழ வேண்டும் என்று அவசியமில்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது, எந்தப் பக்கம் கோல் அடிக்கிறோம் என்று குழம்புவது, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது இவையெல்லாமே அறிகுறிகள். அந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். அப்படி வெளியேறும் பிள்ளைக்குப் பதிலாக இறங்குபவரை மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேர்க்காதீர்கள். போட்டி அமைப்பாளர்கள் விரும்பினால் இப்படிச் செய்துகொள்ள 2024 முதல் கால்பந்துச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆள் குறையாது என்று தெரிந்தால் எந்தக் கோச்சும் தயங்க மாட்டார். இங்கிலாந்தில் 2020லேயே பதினோரு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதே வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டார்கள். நாமோ எட்டு வயதுப் பையனைக் கார்னர் பந்தைத் தலையால் முட்ட எகிறச் சொல்கிறோம்.

அடுத்தது வார்ம்-அப். ஃபிஃபாவின் ‘11+’ பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் குறைகிறது என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முட்டி ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால் அவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ஆனால் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே “டீம் எங்கப்பா, டாஸ் போடணும்” என்று மைக்கில் கூப்பிட்டால் எங்கே செய்வது? இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே நேரமும், ஓரமாகக் கொஞ்சம் இடமும் கொடுங்கள்.

கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு ஆட்டம் வைக்காதீர்கள். தூக்கி வைக்கிற கோல் போஸ்ட்டைத் தரையோடு இறுக்கிக் கட்டாமல் விசில் ஊத வேண்டாம். ஷின் பேடு (முன்னங்கால் காப்பு) வாங்க முடியாமல் சாக்ஸுக்குள் அட்டையைக் கிழித்துச் செருகிக்கொண்டு வருகிற பையனைத் திருப்பி அனுப்பாதீர்கள். கோப்பையின் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்தால் நாலைந்து ஜோடி ஷின் பேடு வாங்கி மேசையில் வைக்கலாம், வேண்டியவர்கள் போட்டுக்கொண்டு ஆடித் திருப்பிக் கொடுப்பார்கள்.

அப்புறம், கோச்சுகளைப் பற்றி. லேட்டாக வந்தால் பத்து ரவுண்டு என்பது நம் எல்லோரிடமும் ஊறிப்போன பழக்கம். விடியற்காலையில் அம்மாவின் இட்லிக் கடைக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் ஓடிவருகிறவனும் லேட்டாகத்தான் வருவான். குடித்துவிட்டு வந்த அப்பாவுக்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்காதவனும் அப்படித்தான். காரணம் கேட்காமல் ஓடவிட்டால் பாதி ரவுண்டில் சுருண்டு விழுவான். முதலில் “சாப்பிட்டியாடா?” என்று கேட்கிற கோச்சிடம்தான் வலியையும் சொல்வான். நீங்கள் நடத்தும் கோச் கூட்டங்களில் ஃபார்மேஷன் பேசுகிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

பெற்றோரை இறுதிப் போட்டியன்று பொன்னாடை போர்த்த மட்டும் கூப்பிடாதீர்கள். பதிவு செய்யும் அன்றே அம்மாவையோ அப்பாவையோ வரச்சொல்லி, அடிபட்டால் என்ன செய்வோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம், செலவு யார் பொறுப்பு என்று பேசிவிடுங்கள். முன்கூட்டியே பேசிவைத்த வீட்டில் ஷூ பரணுக்குப் போவது குறைகிறது. இதை என் பிள்ளைகளின் வீடுகளில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலுதவி மேசைக்கு ஆள் இல்லை என்பீர்கள். எங்கள் கிளப்பில் முதலுதவி கற்றவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஆடாத நாட்களிலும் வந்து உட்காருகிறோம், காசு வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளையை வெளியே எடு என்று அந்த மேசை சொன்னால், ரெஃப்ரி உட்பட யாரும் மறுக்கக் கூடாது. அதை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவன்