கரண்டைக் கூட்டினால் வெள்ளி கூடாது

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், கரைசலுக்குள் மின்னைச் செலுத்தி உலோகத்தைப் பிரித்தெடுக்கும் மின்பகுப்புக் கணக்கு ஒன்று வந்திருந்தது. 1 அம்பியர் ஒரு மணித்தியாலம் பாய்ந்தால் ஏறக்குறைய 4 கிராம் வெள்ளி படியும் என்று, பாயும் மின்னின் அளவுக்கேற்ப உலோகம் படியும் எனும் பரடேயின் விதிப்படி காட்டியிருந்தீர்கள். கணக்கு சரி. ஆனால் மின்னோட்டத்தை இரட்டித்தால் வெள்ளியும் இரட்டிக்கும் என்று கீழே ஒரு வரி. அதை நம்பி ஒரு விடியற்காலை வீட்டில் ஏச்சு வாங்கியவன் நான்.

மட்டக்களப்பு நகரில் ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில், இருட்டறையில் மிஞ்சும் பிக்சர் (fixer) தண்ணீரை, அதாவது கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் கரைசலை, நான் கொட்டுவதில்லை. படத்திலிருந்து கழன்ற வெள்ளி அதற்குள்தான் கரைந்து கிடக்கும். பின்வளவில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வெள்ளி படியும் மறைமுனையான கதோட்டுக்கு எவர்சில்வர் தகடு, நேர்முனையான அனோட்டுக்குப் பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்து எடுத்த கரிக்கோல்கள், ஒரு பற்றரி சார்ஜர். 2 அம்பியரில் 10 மணித்தியாலம் விட்டால் கணக்குப்படி 80 கிராம். எனக்கு 60ஐத் தாண்டியதில்லை. கலர் பேப்பர் கழுவிய கரைசல் கலந்த நாளில் அதுவும் இல்லை. அதில் இரும்பு இருக்கிறது. அது ஒரு தகட்டில் மின்னை வாங்கி மற்றதில் கொடுத்துவிட்டு ஓடித் திரியும். மீற்றர் சுற்றும், வெள்ளி வராது.

பொறுமை கெட்டு ஒருநாள் கரண்டை மும்மடங்காக்கிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் தகடு முழுக்கச் சட்டிக்கரி போலக் கறுப்பு. விரலால் தொட்டால் சேறாக வழிகிறது. வளவெல்லாம் கூழ்முட்டை நாற்றம். தகட்டை ஒட்டியிருந்த வெள்ளி தீர்ந்து, புதிது வந்து சேருமுன்னே மின் பிக்சரையே உடைத்திருக்கிறது. படிந்தது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளிச் சல்பைட்டு. "இந்த வாளி இருந்தா நான் குசினிக்குள்ள வரமாட்டன்" என்றார் மனைவி.

அப்புறம்தான் புத்தி வந்தது. குறைந்த கரண்ட், மீன்தொட்டி மோட்டரால் கரைசலை ஓயாமல் சுற்றவிடுதல், வெள்ளி குறையக் குறையக் கரண்டையும் இறக்குதல். அப்படிச் செய்தால் வெண்மையாக இறுகிப் படியும்.

கரிக்கோலும் அந்த இரவில் பாதியாகிவிட்டது. அனோட்டில் பிறக்கும் ஒட்சிசன் கரியைத் தின்னும். உதிர்ந்த தூள் போய் வெள்ளியில் ஒட்டும். பிறகு கிடைத்த தடித்த கிராபைட்டுக் கட்டை பல வருடம் நின்றது. அதே கரண்ட் அகன்ற பரப்பில் பரவியதுதான் காரணம்.

அவுஸ்திரேலியாவில் ஒரு செப்பு ஆலையில் வேலை செய்யும் என் மருமகன் சொல்வதும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. கரைசலிலிருந்து மின்னால் ஒரு கிலோ செப்பு எடுக்க ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம். அங்கே அனோட்டு ஈயத் தகடு. அதைக் காப்பது மேலே படியும் கபிலநிற ஒட்சைட்டுத் தோல். கரண்ட் நின்றால் தொட்டி தானே பற்றரியாகித் திரும்பி ஓடும். தோல் உரியும், ஈயம் செப்பில் கலக்கும். அதனால் மின்சாரம் போனாலும் சிறு கரண்ட் ஒன்றை விடாமல் கொடுப்பார்களாம். 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டுப் பார்த்த நமக்கு அது கதை மாதிரி இருக்கும். ஈயம் அரிக்காமலிருக்க லீற்றருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் கொபோல்ற்றும் போடுகிறார்கள். குளோரைட்டு கூடினால் எவர்சில்வர் கதோட்டில் குழி விழும். வாவிக்கரைக் கிணற்று உவர்நீரில் செய்முறை செய்யும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கணக்கைப் போடும்போது, "மின்னோட்ட வினைத்திறன் 100 வீதம் எனக் கொள்க", அதாவது பாய்ந்த மின் முழுதும் வெள்ளி படியவே செலவானது எனக் கொள்க, என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தக் கறுப்புத் தகட்டைக் கழுவாமல் இன்னும் வைத்திருக்கிறேன். படம் பிடித்துப் போட விரும்பினால் ஆளனுப்புங்கள், தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்ரூடியோக்காரர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.