செயலாளரின் ஆண்டறிக்கை, 2021: பெருந்தொற்று நிவாரணமும் நம் ஒப்பந்த வளர்ப்பாளர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பண்ணைக் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம். அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள நம் சூ கவுண்டியில், சென்ற ஆண்டு சங்கத்தின் உழைப்பு பெரும்பாலும் பெருந்தொற்று நிவாரணத்தைப் பன்றி வளர்ப்போருக்குப் பெற்றுத் தருவதிலேயே சென்றதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

2020 ஏப்ரலில், தொழிலாளர்களிடையே நோய் பரவி, தென் டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரத்துப் பெரிய பன்றி இறைச்சி ஆலை மூடப்பட்டபோது, விற்பனை எடையை எட்டிய பன்றிகள் கொட்டகைகளிலேயே தேங்கின. அடுத்து வரவேண்டிய குட்டிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்த கொரோனா உணவு உதவித் திட்டத்தின் முதல் கட்டத்தில் நேரடி உதவிக்கென 1,600 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் பன்றி ஒன்றுக்கு 23 டாலர் வழங்கப்பட்டது. பன்றிகளைச் சொந்தமாக வைத்திருந்த நம் உறுப்பினர்களுக்கு அந்தப் பணம் வேண்டிய வேளையில் வந்தது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு கட்டங்களும் விலைச் சரிவின் சுமையைத் தாங்கிய உரிமையாளரை மட்டுமே கணக்கில் கொண்டன. நம் கவுண்டியில் பல இடங்களில் கொட்டகை ஒருவருடையது, பன்றி வேறொரு நிறுவனத்துடையது. குட்டியையும் தீவனத்தையும் நிறுவனத்திடம் பெற்று, கொட்டகையையும் உழைப்பையும் தந்து கூலி வாங்கும் ஒப்பந்த வளர்ப்பாளருக்கு, குட்டிகள் வராத மாதங்களில் வருமானம் குறைந்தது. கொட்டகைக்கு வாங்கிய கடனின் தவணையோ குறையவில்லை. விலை இழப்பு அவருடையதன்று என்பதால் நிவாரணமும் அவருக்கில்லை என்று கருதியது பெரும் அநீதி என்றே இச்சங்கம் தொடக்கத்திலிருந்து சொல்லிவருகிறது.

2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டம் அவர்களுக்கு வழி திறந்தது. 2021 ஜனவரியில் வந்த அறிவிப்பை அதிபர் பைடனின் புதிய நிர்வாகம் மறு ஆய்வுக்காக நிறுத்திவைத்தது. ஆகஸ்டில்தான் இறுதி விதிகள் வெளிவந்தன. 2020இன் வருமானத்தை 2018 அல்லது 2019இன் வருமானத்தோடு ஒப்பிட்டு, குறைவில் 80 விழுக்காடு வரை வழங்கவும், நாடு முழுமைக்கும் 100 கோடி டாலர் வரை செலவிடவும் துறை முன்வந்தது. 2020இல் பண்ணையை விரிவாக்கியவர்களுக்கும் விதி தளர்த்தப்பட்டது. அது நல்ல திருத்தம்.

விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 12, அதாவது சோளமும் சோயாவும் அறுவடையாகும் நேரம். முன்பு தகுதியில்லை என்று கேட்டுத் திரும்பிய மூத்த வளர்ப்பாளர்கள் மீண்டும் அலுவலகப் படியேறத் தயங்கினார்கள். ஆகவே நம் தொண்டர்கள் மாலை வேளைகளில் அவர்களின் வீடுகளுக்கே சென்று, நிறுவனங்கள் தந்த பட்டுவாடாச் சீட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் படிவங்களை நிரப்பித் தந்தார்கள். உறங்கும் நேரத்தைக் கொடுத்த அவர்கள் ஒவ்வொருவருக்கும் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

இனி வரும் எந்தப் பேரிடர் நிவாரணத்திலும் ஒப்பந்த வளர்ப்பாளர் முதல் நாளிலிருந்தே சேர்க்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை இப்பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

ஒப்பந்தமின்றி, 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை பேரம் பேசிச் சந்தையில் பன்றி விற்றவர்களுக்கென 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தனித் திட்டத்துக்கு 2022 பிப்ரவரி 25 வரை விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ளவர்கள் விற்பனைச் சீட்டுகளுடன் இக்கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும். படிவங்கள் மேசையில் உள்ளன.

செயலாளர்