காயல் கரைக்குப் படி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, மணக்குடிக் காயல் கரையில் குடியிருக்கிறேன். வள்ளத்தைக் கட்டி நிறுத்த இடம் வேண்டும் என்று கேட்டாலே கான்கிரீட் படிக்கட்டைத்தான் கட்டித் தருகிறார்கள். பழையாறு கடலில் சேரும் இந்த இடத்துக்கு அது மட்டும் ஒத்து வராது.

காரணம் பொழி, அதாவது ஆற்று முகத்தில் சேரும் மணல்மேடு. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் அலை மணலைத் தள்ளி முகத்தை அடைத்துவிடும். அப்புறம் மழை பெய்தால் தண்ணீருக்குப் போக்கு இல்லாமல் காயல் நிறைந்து படியெல்லாம் முங்கும். பொழி உடைந்தால் மடமடவென்று வடிந்து, குட்டைக் கயிற்றில் கட்டிய வள்ளம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தொங்கும். நமக்கோ பருவமழை இரண்டு. எந்த மட்டத்துக்குப் படி கட்டுவது?

நான் வீட்டிலேயே ஒரு மிதவை செய்து போட்டிருக்கிறேன். 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் நான்கு, அதன்மேல் ஆங்கிள் சட்டம், அயினிப் பலகை. கரையோரம் ஊன்றிய இரண்டு ஜி.ஐ. பைப்பில் இரும்பு வளையங்கள் ஏறி இறங்கும். தண்ணீர் எவ்வளவு உயர்ந்தாலும் மிதவையும் கூடவே உயரும். ஒரு பேரல் பாதி முங்கினால் தன் எடை போக சுமார் 90 கிலோ தாங்கும். சட்டம், பலகையின் எடையைக் கழித்தாலும் இரண்டு பேர் ஐஸ்பெட்டியோடு நிற்கலாம், எல்லாரும் ஒரே ஓரத்துக்குப் போகாதவரை. பேரலின் மூடி மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். பழைய பேரல் வாங்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். கழுவுகிற தண்ணீர் காயலுக்குத்தானே போகிறது.

வள்ளத்தைத் தண்ணீரிலேயே போட்டால் அடியில் சிப்பி பிடிக்கும். அதனால் பைப்பில் சட்டம் வெல்டிங் செய்து, செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டி, இரண்டு பெல்ட்டில் தூக்கி வைக்கிறோம். உப்புக்காற்றில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது பெரிய வேலையில்லை. மழைதான் ஆபத்து. பக்கத்து வீட்டுத் தம்பி வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பைக் கழற்றாமல் தூக்கி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனார். ராத்திரி மழையில் வள்ளம் நிறைந்து, காலையில் பைப் வளைந்து கிடந்தது. 300 லிட்டர் தேங்கினால் 300 கிலோ கூடுதல் பாரம். வள்ளத்தின் எடையை மட்டும் கணக்குப் பார்த்துச் செய்த சட்டம் எப்படித் தாங்கும்? தூக்கி நிற்கும் வள்ளத்துக்கு அடியில் பிள்ளைகள் விளையாடுவதையும் பார்க்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள்.

இனிமேல் காயல் கரையில் துறை கட்டுகிறவர்கள் படியோடு ஒரு மிதவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலையாத்தி வளரும் ஓரத்தைத் தொட வேண்டாம். பொழிமுகத்தை ஒட்டியும் வேண்டாம். பொழி உடையும்போது உள்ள இழுப்பில் மிதவை கடலுக்குப் போய்விடும். கொஞ்சம் உள்ளே தள்ளி, இழுப்பு குறைந்த இடமாகப் பார்த்துப் போட்டால் போதும். இடம் எது என்று கரையில் வள்ளம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக்,
மணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்.