செயலாளரின் ஆண்டறிக்கை: பென்சில் ஒருவரிடம், சுரண்டி ஒருவரிடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சட்டையில் ஒட்டிய மரத்தூளோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கையால் மரவில் செய்யும் நம் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு 13 பேராக இருந்தோம். இப்போது 17 பேர். பட்டறை மாதம் இருமுறை தவறாமல் கூடியது. செயற்குழு நான்கு முறை கூடியது. அவற்றில் ஒரு கூட்டம் முழுவதும், இழைப்புளியைத் தீட்டாமல் வைத்துவிட்டுப் போனவர் யார் என்ற விசாரணையிலேயே கழிந்தது. அந்த விவாதம் குறிப்பேட்டில் முழுமையாக இருக்கிறது. விரும்புவோர் படித்துக்கொள்ளலாம், நான் இங்கே வாசிக்கப்போவதில்லை.

இந்த ஆண்டு பட்டறையில் கைபட்ட வில்கள் 11. முடிந்தவை 5, ஒடிந்தவை 3, மீதி மூன்றும் அலமாரியில். அலமாரியில் இருப்பவற்றில் ஒன்றுக்கு இது மூன்றாவது ஆண்டு. எப்போது முடிப்பீர்கள் என்று அதற்குரியவரைக் கேட்டால், ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட பனிமனிதன் ஏட்சியைத் துணைக்கு அழைக்கிறார். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த அவனிடமும் முடிக்காத யூ மர வில் ஒன்றுதான் இருந்ததாம். அம்பறாத்தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் செய்து முடிக்கப்பட்டிருந்தனவாம். சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் பனிமனிதன் நம் சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைக்கவில்லை என்பதையும் அறிக்கையில் சேர்க்கும்படி பொருளாளர் கேட்டுக்கொண்டார். சேர்த்துவிட்டேன்.

இனி கூட்டு வில்லுக்கு வருகிறேன். தனித்தனியாகச் செய்தது போதும், எல்லார் கையும் பட்ட ஒரு வில் வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். எந்த மரம் என்பதில் முதல் சண்டை. யூ மரம் இல்லாமல் நல்ல வில் ஏது என்றார் ஒருவர். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. யூ மரத்தின் வெளிப்பகுதியான வெளிர்மரம் இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த நடுமரம் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டு மரத்தை ஒட்டிச் செய்ததுபோல ஒரே கட்டையில் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலோடு கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் யூ மரத்தில் செய்யப்பட்டவை. ஆனால் நம் கையில் இருந்ததோ எல்ம் மரத் தடி. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த, பல ஆயிரம் ஆண்டுப் பழைமையுள்ள வில்களும் எல்ம்தான் என்று தலைவர் எடுத்துச் சொன்ன பிறகு விவாதம் அடங்கியது. யூ கட்சிக்காரர் மட்டும் ஆண்டு முழுவதும் அந்தக் கட்டையை 'விறகு' என்றே அழைத்தார்.

ஆப்பு அடித்துத் தடியைப் பிளந்தது மூன்று பேர். இருபுற முனைகளிலும் பசை பூசி அடைத்தோம். முனைகள் முதலில் காய்ந்தால் வெடிப்பு உள்ளே ஓடிவிடும். வாரந்தோறும் எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே இழுப்புக் கத்தியைத் தொட்டோம். அந்தப் பொறுமையைக் காத்தது நாம் அல்ல, எடைக் குறிப்பேட்டைப் பூட்டி வைத்திருந்த துணைச் செயலாளர். நீளம் 68 அங்குலம். எல்ம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்காது என்பதால் பட்டையாக, இரண்டு அங்குல அகலத்தில் வடிவம் எடுத்தோம். 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு விசை என்பது இலக்கு.

அதன் பிறகு நடந்தது சங்கத்தின் வரலாற்றில் பதிய வேண்டியது. வில்லின் வளைவைச் சமன்செய்யும் வேலையை, நாம் டில்லரிங் என்று சொல்வதை, ஆறு பேருக்கு முறை வைத்துப் பகிர்ந்தோம். முதலாமவர் வில்லைக் கப்பியில் கட்டி இழுத்துப் பார்த்தார். மேற்கை, அதாவது வில்லின் மேல் பாதி, கொஞ்சம் விறைப்பு என்று பட்டது. இருபது முறை சுரண்டினார். அடுத்தவருக்குக் கீழ்க்கை விறைப்பாகத் தெரிந்தது. மூன்றாமவர் மறுபடி மேற்கை. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் சுரண்டினார்கள், ஒருவரும் தவறு செய்யவில்லை, ஆறாவது நாள் தராசில் தொங்கவிட்டபோது முள் 31 பவுண்டில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தேநீர் இடைவேளை சற்று முன்னதாகவே விடப்பட்டது.

காரணத்தை இரண்டு கூட்டங்களில் அலசினோம். முதல் காரணம் கணக்கு. வில்லின் விறைப்பு அகலத்தோடு நேராகவும், தடிமனை மூன்று முறை தன்னோடு பெருக்கிய அளவிலும் (கனமாக) மாறுகிறது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்; தெரிந்தவர்கள் ஆறு பேரும் தனித்தனியாக மறந்தோம். இரண்டாவது காரணம்தான் கூட்டு வேலைக்கே உரியது. சுரண்டிய மாற்றம் உடனே வெளியே தெரியாது. வில்லைப் பாதி அளவுக்கு முப்பது முறையாவது இழுத்து விட்டால்தான் மரம் புதிய வளைவுக்கு வந்து சேரும். தனியாகச் செய்பவர் களைத்துப்போயாவது அதைச் செய்கிறார். நாங்களோ நேரம் முடிந்ததும் வில்லை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனோம். முதலாமவர் ஏற்கெனவே திருத்திய இடத்தையே, திருத்தம் வெளித்தெரியும் முன், மூன்றாமவர் மறுபடி திருத்தினார்.

இரு முனைகளிலும் ஓர் அங்குலம் வெட்டிப் நாண் மாட்டப் புதிய குதை செதுக்கினோம். வில் குட்டையானால் விசை கூடும். 35 பவுண்டுக்கு மீண்டது. புதிதாகச் சேர்ந்த நால்வரும் இப்போது அந்த வில்லில்தான் எய்து பழகுகிறார்கள். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது என்பதால் தோல்வி என்று எழுத மனம் வரவில்லை.

இரண்டாவது கூட்டு வில்லுக்கு முறையை மாற்றினோம். பென்சில் பிடிப்பவர் சுரண்டியைத் தொடக் கூடாது; சுரண்டி பிடிப்பவர் பென்சில் கோட்டைத் தாண்டக் கூடாது. விறைப்பான இடத்தை முதலாமவர் குறிக்கிறார், இரண்டாமவர் கோடு மறையும் வரை மட்டும் சுரண்டுகிறார், மூன்றாமவர் முப்பது முறை இழுத்து எண்ணிச் சொல்கிறார். இடையில் யாருக்கு என்ன தோன்றினாலும் வாய்தான் பேசலாம், கை பேசக் கூடாது. எரிச்சலூட்டும் முறைதான். சுரண்டி பிடித்த மூத்த உறுப்பினர் ஒருவர், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தம்மைக் கூலியாளாக்கிவிட்டதாக என்னிடம் தனியே வருந்தினார். ஆனால் வில் 43 பவுண்டில் முடிந்தது. நாணை அவிழ்த்தபின் நிலைத்துவிட்ட வளைவு ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மறுவாரம் அதே மூத்தவர் தம் சொந்த வில்லோடு வந்து, குறித்துத் தர ஆள் வேண்டும் என்று கேட்டார்.

ஒடிந்த மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று பலகையில் செய்தது. மர இழை, இலக்கைப் பார்க்கும் பக்கமான முதுகின் குறுக்கே ஓடி விளிம்பில் வெளியேறியதைப் பார்க்காமல் விட்டோம், 24 அங்குல இழுப்பில் அங்கேயே பிளந்தது. கப்பிக் கயிற்றைத் தொலைவில் நின்று இழுத்ததால் யாருக்கும் காயமில்லை. இரண்டாவதில் ஒரு கணுவைச் சுற்றி மரத்தை விட்டுவைக்காமல் நேராக இழைத்துவிட்டோம். மூன்றாவது, விருந்தினராக வந்த ஒருவர் அம்பு இல்லாமல் முழுதாக இழுத்து நாணை விட்டதால் போனது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிழை அவருடையது அல்ல, வரவேற்கும் பொறுப்பில் இருந்தவருடையது. அது நான்தான்.

நாண் திரிக்கும் பயிற்சி ஒருநாள் நடந்தது. இரு புரிகளை எதிரெதிராக முறுக்கிப் பின்னும் முறையில் எட்டுப் பேர் தேறினார்கள். நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே கட்டைவிரல் நிமிர்ந்த முட்டி அளவு இடைவெளி வேண்டும் என்று சொன்னபோது, யாருடைய முட்டி என்ற கேள்வி எழுந்தது. தச்சர் உறுப்பினரின் முட்டியைத் தவிர எதுவும் சரி என்று முடிவாயிற்று.

சொற்குழப்பம் இன்னும் தீரவில்லை. எய்பவரைப் பார்ப்பது வயிறு, இலக்கைப் பார்ப்பது முதுகு என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆயினும் ஒருவர் வயிற்றுக்குப் பதிலாக முதுகில் சுரண்டியை வைத்துவிட்டார். நல்லவேளை, முதல் சுரண்டலிலேயே பிடித்து நிறுத்திவிட்டோம்.

செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறது. பென்சில் முறை எல்லாக் கூட்டு வில்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும். யூ மரத் தூள் நச்சுத்தன்மை உடையது என்பதால், அந்த மரம் பட்டறைக்கு வரும் நாளில் முகக்கவசம் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. விறகு என்று சொன்னவருக்கும் இது பொருந்தும். அலமாரியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும் வில்லைப் புதிய உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து முடிக்க வேண்டும். மூன்றாவது தீர்மானத்துக்கு ஒருவர் மட்டும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். பட்டறைக்கு இடம் தந்த உறுப்பினரின் குடும்பத்தாருக்கும், எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. கடன் வாங்கிப்போன பாதி வட்ட மர அரம் இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்தவர் இன்று கூட்டம் முடிவதற்குள் மேசைமேல் வைத்துவிட்டால், பெயர் குறிப்பேட்டில் ஏறாது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்